வரம்பைத் தாண்டிய சம்பளம்

“உங்க வருமானம் வரம்பத் தாண்டிடுச்சும்மா. கரண்ட் பில்லுக்கு உதவித்தொகை கிடைக்காது,” என்றார் அதிகாரி.

“கொஞ்சம்தானே சார் தாண்டியிருக்கு?”

“துளி தாண்டினாலும் தாண்டினதுதான்.”

“சமையல் வேலை செய்யற வீட்டுல போன மாசம் சம்பளத்த ஏத்தினாங்க. அதுவே வினையாப் போச்சு.”

அதிகாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏத்தினதுதான் ஏத்தினாங்க, தாராளமா ஏத்தக் கூடாதா? இந்தப் பிச்சக்காசால உள்ளதும் போச்சே. யாரும்மா அந்தக் கஞ்சன்?”

அவள் பையிலிருந்து எடுத்து வைத்த சாப்பாட்டுக் கேரியரில் அந்த அதிகாரியின் பெயரே பொறித்திருந்தது. சமையல்காரி வருமுன்பே தினமும் அலுவலகம் கிளம்பிவிடுபவர், இன்றுதான் அவள் முகத்தைப் பார்க்கிறார்.

“இன்னிக்குச் சாப்பாட்ட நானே எடுத்துட்டு வந்தேன் சார். சம்பளத்தக் குறைக்கணுமா, கூட்டணுமானு உங்களையே கேட்டுக்கச் சொன்னாங்க உங்க வீட்டம்மா.”