மீன் பிடிக்கப் போனவர்

ஹார்லன் யாரோ ஒரு பெண்ணோடு கைகோத்துக்கொண்டு பூங்காவில் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தவள் அவருடைய மச்சினி க்வென்தான். பார்த்த கையோடு அக்கா டோரீனுக்கு போன் போட்டாள்.

"மீன் பிடிக்கப் போறேன்னுதானே சொல்லிட்டு வர்றார்? மாட்டியிருக்குக்கா. ஆனா இந்த மீன் கரையில உட்கார்ந்து பேசுது."

டோரீன் முதலில் நம்பவில்லை. ஹார்லன் அப்படிப்பட்டவர் இல்லை. சரக்கு ரயில் ஓட்டியே காலத்தைக் கழித்தவர்.

போன குளிர்காலத்தில், பனி கொட்டிய ஒரு காலையில், லெவல் கிராஸிங்கில் ஒரு கார் அவருடைய ரயிலுக்குக் குறுக்கே வந்துவிட்டது. அதை ஓட்டிவந்த பையன் பிழைக்கவில்லை. ஹார்லன்மேல் தப்பே இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள். ஆனாலும் அவர் வேலையை விட்டார். பேச்சையும் விட்டார். தட்டில் வைத்தது வைத்தபடி ஆறிப்போகும்.

வசந்தம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே தூண்டிலை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் ஊற்றும் ஓடையும் இருக்கும் அந்தப் பூங்காவுக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார், தூங்கினார். ஒருநாள் ஷேவ் பண்ணும்போது சீட்டிகூட அடித்தார். எல்லாம் மலைக்காற்றும் ஊற்றுத் தண்ணீரும் செய்த வேலை என்று டோரீன் நினைத்திருந்தாள்.

"காத்துக்கும் தண்ணிக்குமா ஆம்பளை சீட்டியடிப்பான்?" என்றாள் க்வென்.

அன்று ராத்திரி டோரீனுக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஹார்லன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அவளும் காரை எடுத்தாள். நானும் வருகிறேன் என்று க்வென் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அக்டோபர் மாதக் குளிர். ஊற்றிலிருந்து ஆவி எழும்பி மரங்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் நீராவி ரயில்கள் மலையேறுவதற்கு முன் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போன இடம். தொட்டி நின்ற கல்மேடை மட்டும் மிச்சம். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். ரயில் போன தடம், உதிர்ந்த மேப்பிள் இலைகளுக்கு அடியில், நடைபாதையாகக் காட்டுக்குள் போனது.

அந்த மூட்டத்துக்குள் நடக்க நடக்க டோரீனுக்குக் கால் தரையில் பாவாத மாதிரி இருந்தது. பழைய ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் வந்து நின்று, தாகம் தீர்ந்து கிளம்பிவிடும் போல. எதற்காக வந்தோம் என்பதையே ஒரு நிமிஷம் மறந்துபோனாள்.

அப்போது ஹார்லனின் குரல் கேட்டது.

கல்மேடையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டோரீன் வயதே இருக்கும் ஒரு பெண். ஹார்லனின் வலது கை அந்தப் பெண்ணின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். கையைவிட அந்தப் பேச்சுதான் டோரீனைச் சுட்டது. வீட்டில் உப்பு வேண்டும் என்றுகூடச் சொல்லாத மனிதர்.

அவளைப் பார்த்ததும் ஹார்லன் பதறி எழுந்தார். "டோரீன்..." என்றார். அந்தப் பெண்தான் அவர் கையில் ஒரு குவளையைக் கொடுத்து, தண்ணீர் பிடித்துவரச் சொல்லி ஊற்றுப் பக்கம் அனுப்பினாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?" டோரீன் கேட்டாள்.

"வசந்தத்திலேர்ந்து. உங்ககிட்ட சொல்லிடுங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். வெக்கப்படுறார்."

"வெக்கப்பட வேண்டியதுதான்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. "என் பேரு வெல்டா," என்றாள். "அந்தக் காரை ஓட்டிக்கிட்டு வந்தது என் பையன்."

டோரீன் அப்படியே கல்மேடையில் உட்கார்ந்துவிட்டாள். தப்பாக நினைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் இவர் வந்துபோகிறார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்றாள். பெற்ற வயிற்றுக்கு அவர் பேச்சு கொஞ்சமாவது இதமாக இருந்தால் சரி என்றாள்.

வெல்டா ஊற்றுப் பக்கம் பார்த்தாள். ஆவிக்கு நடுவே ஹார்லன் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வரலைங்க," என்றாள் மெதுவாக. "பனி உருகினதும் அந்த கிராஸிங்ல பூ வைக்கப் போனேன். தண்டவாளத்து நடுவுல ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார். ரயில் ஊதிக்கிட்டே வருது, மனுஷன் நகரலை. ஓடிப்போய் கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்ப இவர் யாருன்னு எனக்குத் தெரியாது."

வெல்டா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள்.

"தெரிஞ்ச பிறகும் அந்தக் கையை விட மனசு வரலை."