சார் வளர்த்த புல்

"புருஷன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள இந்த டீச்சர் அவரு ஆசையா வளத்த புல்லப் புடுங்கிப்புட்டாங்களே! இன்னைக்குக் கேக்காம விடுறதில்ல."

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பேச்சியம்மா மேட்டிலிருந்த டீச்சர் வீட்டுக்கு ஏறினாள். "விடாதீங்கக்கா, நல்லா நாலு கேளுங்க!" என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் ஏற்றிவிட்டு அனுப்பினார்கள்.

பொகவந்தலாவை ஊரே காய்ந்து கிடக்கும் வெயில் காலத்திலும் மரியரட்ணம் சார் இருந்தவரை அவர் வீட்டுப் பின்புறம் மட்டும் பச்சைப் பசேலென்று இருக்கும். சார் என்றால் பேச்சியம்மாவுக்கு உயிர். அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் எழுத்தறிவித்தவர். லயத்துக்கே பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் நூலாய் ஒழுகும்போதெல்லாம் தோட்ட ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தவர்.

சாரின் மனைவி ஜோசப்பின் டீச்சர் பின்புறத்தில்தான் இருந்தார். புல் இருந்த இடம் முழுக்கக் கல். நடுநடுவே கத்தாழை, கற்பூரவள்ளி. ஓரத்தில் மானாப்புல்.

"என்னா டீச்சர் இது? மலையில வெட்டி வீசுற மானாவக் கொண்டாந்து வீட்டுல நட்டிருக்கீங்க!"

"இதுக்குத் தண்ணி தேவையில்ல பேச்சி. எந்த வெயிலுக்கும் சாகாது."

"தண்ணிக்கு என்னா பஞ்சம் வந்துச்சு? எங்க பீலியில இந்த மாசி வெயில்லயும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது! மாரியம்மனுக்குப் பொங்க வச்சோம், ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. ரெண்டு வாளி ஊத்த ஒங்களுக்குத்தான் ஒடம்பு வளையல."

"அப்படியே வச்சுக்கங்களேன்" என்று டீச்சர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் பேச்சியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாரு மட்டும் இருந்திருந்தா..." என்று கையை நீட்டிக்கொண்டு நடந்தவளின் கால் எதிலோ தட்டியது.

குழாய். மண் அப்பிய பழைய குழாய்கள் நாலைந்தைத் தோண்டியெடுத்து வேலியோரம் போட்டிருந்தது. பக்கத்துக் குழி இன்னும் மூடவில்லை. எட்டிப் பார்த்தாள். மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு இறங்கும் பெரிய குழாய் உள்ளே ஓடியது. அதிலிருந்து இந்தப் பக்கம் பிரிந்த ஒரு கிளையை வெட்டி, ரப்பர் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது எங்க லயத்துப் பைப்பாச்சே டீச்சர்... இதுல இருந்தா இந்தப் புல்லுக்கு..."

"ஆமா" என்றார் டீச்சர், தலைகுனிந்தபடி.

"எப்ப வெட்டுனீங்க?"

"தைப்பொங்கல் கழிச்சு. தரை ஒரு எடத்துல அமுங்குதுன்னு தோண்டினேன். அப்பத்தான் எனக்கே தெரியும். மழைத் தண்ணித் தொட்டியில இருந்து வருதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

பேச்சியம்மா மறுபடி குழிக்குள் குனிந்து பார்த்தாள். பத்து வருஷமாய் வெயில் காலம் முழுக்கக் குடத்தோடு வரிசையில் நின்றவள் அவள். அந்த வரிசையைப் பார்த்து இரக்கப்பட்டுத்தானே சார் மனு எழுதினார்!

"இத ஏன் டீச்சர் சொல்லல? லயமே ஒங்களக் கரிச்சுக் கொட்டுது. நானும் வாய்க்கு வந்தபடி பேசிப்புட்டேனே! இப்பவே போயி எல்லாருகிட்டயும்..."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பேச்சி. அவர எல்லாரும் நல்லவருன்னே நெனைச்சுக்கிட்டு இருக்கட்டும். நீங்க என்னையவே ஏசுங்க."