அளக்க வந்த பொண்ணு

"நாத்தம் இல்லையா? அதுக்கா இப்படி இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கே?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கை சிரிக்கவில்லை.

"உனக்கு விளையாட்டா இருக்கு. கல்யாணமாகி வந்த நாளா, அவர் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே நான் மூக்கைப் பொத்திக்குவேன். 'முதல்ல குளிங்க, அப்புறம் பேசுங்க'ன்னு விரட்டாத நாளே கிடையாது. இப்ப கொஞ்ச நாளா ஒண்ணுமே இல்லை. சட்டையை முகர்ந்து பார்த்துட்டேன். நாத்தமும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை."

அவள் கணவனுக்கு ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் வேலை. கொட்டகையில் சேரும் சாணத்தையும் மூத்திரத்தையும் வண்டியால் வழித்துப் பெரிய குழியில் தள்ள வேண்டும். வேலை உடுப்பைப் பண்ணையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவான். ஆனாலும் அந்த நெடி தலைமுடியில் ஏறிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

"வாசனையே இல்லாத சோப்பா? ஆள் கில்லாடிதான். எங்கே, அந்தச் சட்டையைக் கொண்டா, நானும் பார்க்கிறேன்."

"காலையிலேயே துவைச்சுக் காயப்போட்டுட்டேனே."

"நல்லா இருக்கு போ! இருந்த ஒரு சாட்சியையும் நீயே துவைச்சுட்டியா? சரி, இது எப்பலேருந்து?"

"நான் காய்ச்சல்ல படுத்தேனே, அதுலேருந்துதான்."

"ஓஹோ!" என்று இழுத்தாள் அக்கா. "பொண்டாட்டி படுத்த நேரம் பார்த்து, குளிக்க வேற இடம் கிடைச்சிடுச்சா? பண்ணைக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

தங்கை தயங்கினாள். "ஒரு பொண்ணு வந்திருக்காம். படிச்ச பொண்ணு. மாடு ஏப்பம் விட்டா மீத்தேன் வருமாம், குழியிலேருந்து அம்மோனியா வருமாம். காத்து கெட்டுப் போகுதுன்னு அதையெல்லாம் அளக்குதாம். தினம் அந்தப் பொண்ணு புராணம்தான்."

"மாட்டு ஏப்பத்தை அளக்க ஒரு பொண்ணு! அவர் சொன்னார், நீயும் நம்பிட்டே!"

"அது மட்டுமில்லைக்கா. முன்னெல்லாம் சோபாவோட அந்தக் கோடியிலதான் உட்காருவார். இப்ப வந்ததும் வராததுமா என்னை ஒட்டி உட்கார்ந்துக்கிறார். என்னைப் பார்த்துச் சும்மா சும்மா சிரிக்கிறார்."

"மனசுல கள்ளம் இருக்கிறவன்தான்டி அப்படி இழைவான்." அக்கா சட்டென்று முகத்தைச் சுளித்தாள். "ஏய், அடுப்புல என்ன வச்சிருக்கே?"

பால் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. பாத்திரத்தை இறக்கிவிட்டு அக்கா திட்டினாள். "பக்கத்துலயே உட்கார்ந்திருக்கே, இதுகூடத் தெரியலையா? இப்படி நினைச்சு நினைச்சு உருகாம, நேராப் போய்க் கையும் களவுமா பிடி!"

தங்கை கிளம்பிவிட்டாள்.

பண்ணையின் பின்பக்கம், கொட்டகையைத் தாண்டியதும் குழி. அதன் ஓரத்தில் அவள் கணவன் நின்றிருந்தான். பக்கத்திலேயே, பாதி முகத்தை மூடிய முகமூடியோடு ஓர் இளம்பெண். கையில் நீண்ட குழாய் வைத்த ஒரு கருவி. அவன் ஏதோ சொல்ல, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பார்த்ததுமே இவளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வழிந்தது. கணவனுக்காக இவ்வளவு அழுகை தனக்குள் இருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"எங்கே குளிக்கிறீங்க?" என்று நேரே போய்க் கேட்டாள்.

அவன் திடுக்கிட்டான். "நீ எங்கே இங்கே? குளிக்கிறதா?"

"தினமும் எங்கேயோ குளிச்சு முழுகிட்டுத்தானே வீட்டுக்கு வர்றீங்க? நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஆரம்பிச்ச கதைதானே இது?"

"இங்கே குளிக்க எங்கே இடம் இருக்கு? கை கால் கழுவிட்டு அப்படியே ஓடி வர்றேன். நீதான் இப்பல்லாம் விரட்டறதே இல்லையே!"

"விரட்டற மாதிரி வந்தாத்தானே விரட்டுவேன்? இத்தனை நாள் மாட்டுப் பண்ணை, மாட்டுப் பண்ணைன்னு அந்த நாத்தத்தை எங்கேருந்து கொண்டு வந்தீங்களோ! இதோ குழிக்குப் பக்கத்துலயே நிக்கிறேன், ஒரு நாத்தமும் இல்லையே! மூடி போட்டாச்சா?"

அந்தப் பெண் மெல்ல அவள் கையைப் பற்றிக் குழியோரத்திலிருந்து தள்ளிக் கூட்டி வந்தாள்.

"அக்கா, மூடி இன்னும் வரலை. குழி திறந்துதான் கிடக்கு. கருவியைப் பாருங்க, சிவப்பு விளக்கு எரியுது. கண்ணு எரியுதா?"

"எரியாம? பெத்தவங்க பார்த்துக் கட்டி வச்ச புருஷன் இப்படிப் பண்ணினா..."

"அது அழுகை இல்லைக்கா, அம்மோனியா. உங்க வீட்டுக்காரர் கண்ணும் கலங்கியிருக்கு, பாருங்க." அவள் குரல் தணிந்தது. "காய்ச்சலுக்கு அப்புறம்... காபி மணமாவது தெரியுதா உங்களுக்கு?"

இவள் மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை இழுத்தாள். கொட்டகையில் மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. காற்று, வெறும் காற்றாகவே உள்ளே போய் வந்தது.

கணவன் தலையைச் சொறிந்தபடி, சின்னப் பிள்ளைபோலக் கேட்டான்: "அப்போ... நான் வந்து ஒட்டி உட்கார்றப்ப நீ விரட்டாம இருந்தது, ஆசையில இல்லையா?"