இன்னொரு வாய்

"ஒரு வாய் எடுத்து அப்படியே வெச்சுக்குங்க, ஹாஜி. நான் சொன்னப்புறம்தான் முழுங்கணும். அசையக் கூடாது. பேசவே கூடாது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் ருதைனா சொன்னாள். எக்ஸ்ரே எடுப்பவள். கண்டிப்புக்காரி.

ஃபவ்வாஸ் தலையை ஆட்டினார். கையில் காகிதக் கோப்பை. அதில் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும் கசப்புச் சாயம்.

முதலில் அவருக்கு ரொட்டி சிக்கியது. பிறகு கஞ்சி. கடைசியில் தண்ணீரும் நெஞ்சுக்குள் இறங்காமல் நின்றுகொண்டது. ரொட்டி சிக்கியபோது டாக்டரிடம் போக மாட்டேன் என்று முரண்டு பிடித்த மனிதர், தண்ணீர் சிக்கிய அன்று ஓடினார்.

புற்று வந்த உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் ஒழுகுகிறதா என்பதை இந்தச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒழுகாவிட்டால் இன்று சாயங்காலமே தண்ணீர் குடிக்கலாம். ஒழுகினால் வயிற்றில் செருகிய குழாயே கதி. எத்தனை மாதம் என்று டாக்டருக்கே தெரியாது.

சாப்பாட்டுக்கு அவர் ஏங்கவில்லை. மன்சஃப் கறிச்சோற்றுக்குக்கூட ஏங்கவில்லை என்றால் ஜோர்தானின் இர்பித் ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவருக்கு வேண்டியது ஒரு தம்ளர் தண்ணீர். அதற்கு அப்படி ஏங்கினார்.

வீட்டில் அவருக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்றே பெயர். விறைக்கிற குளிரிலும் எழுந்து சமையலறைக்குப் போவார். மனைவி நௌஃபா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் இடத்தில் நின்று, நிதானமாகக் குடிப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போவார்.

ஒருவர் தண்ணீர் குடித்து முடித்தால் பக்கத்தில் இருப்பவர் "ஹனீஅன்" என்பார். இனிதாக இறங்கட்டும். குடித்தவர் "ஹன்னாகில்லாஹ்" என்று பதில் சொல்லியாக வேண்டும். அல்லாஹ் உனக்கும் இனிதாக்கட்டும். பகையாளியே குடித்தாலும் அதைச் சொல்லாமல் விட அங்கே யாருக்கும் மனசு வராது.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரன் மடக்மடக்கென்று குடித்தபோது நௌஃபா அவனுக்கும் சொன்னாள். முன்பின் தெரியாதவனுக்கு! ஃபவ்வாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.

நௌஃபா தினமும் வருவாள். ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைப்பாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். பாவம், அந்தம்மா பயத்தில் வாயே திறப்பதில்லை என்று நர்ஸுகள் பரிதாபப்பட்டார்கள்.

இப்போது கண்ணாடிக்குப் பின்னால், ருதைனாவின் தோளை ஒட்டி நின்றிருந்தாள். முக்காட்டின் நுனியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப முழுங்குங்க!"

முழுங்கினார். கசப்பு தொண்டையைத் தாண்டியது. பிறகு எங்கே போகிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு குரல் வந்தது. ருதைனாவின் குரல் இல்லை.

"ஹனீஅன்."

மருந்து குடிப்பவருக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. நௌஃபாவுக்கு அது தெரியாதா என்ன?

"ஹன்னாகில்லாஹ்" என்றார் ஃபவ்வாஸ். உடம்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"ஐயோ ஹாஜி! பேசாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஏம்மா, நீங்களுமா? ஒழுகின மாதிரி தெரியல, அல்ஹம்துலில்லாஹ். ஆனா படம் கலைஞ்சுபோச்சு. ஒரு வார்த்தைய அடக்கிக்க முடியலயா ரெண்டு பேருக்கும்? இன்னொரு வாய் குடிச்சுத்தான் ஆகணும்."

திட்டிக்கொண்டே சாயப் புட்டியுடன் உள்ளே வந்தாள் ருதைனா. அவளுக்கு என்ன தெரியும்?

மகள் ஹாலா தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்று அவள் கல்யாணத்துக்கு ஃபவ்வாஸ் வீம்பாகப் போகாமல் இருந்தார். அன்றைக்கு நௌஃபா அவரிடம் பேச்சை நிறுத்தினாள். ஹாலாவின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அந்த ஒரு சொல்லும் அதற்கான பதிலும் மட்டும்தான்.

ஃபவ்வாஸ் கோப்பையை நீட்டினார்.

"நிறைய ஊத்து, மகளே."