புனிதாவின் பன்னிரண்டு அண்ணன்மார்

"விலகுறதுன்னா ரெண்டே வழிதான் ஆன்ட்டி. ஒண்ணு பாடை, இல்ல கல்யாண மேடை. கேங் ரூல்ஸ் அது. நான் போட்டது இல்ல."

"வாயக் கழுவுடா. என் வாசல்ல நின்னுக்கிட்டே பாடைங்கிற?"

நீலாவதி போட்ட சத்தத்தில் லயத்தின் பதினாறு வீடுகளிலும் டிவி வாயை மூடிக்கொண்டது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை துரைக்கே கிடைத்ததில்லை. பக்கத்து வீட்டுத் திலகா, காய்ந்துபோன துணியையே எடுத்து மறுபடி கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்காமல் பேசியவன் ஜெகதீஸ்வரன். அந்த மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஆட்டம் போடும் கேங்குக்கு அவன்தான் தலை. கதவோரம் நின்றவள் நீலாவதியின் ஒரே மகள் புனிதா. அந்தப் பேரை எந்த நேரத்தில் வைத்தார்களோ.

ஸ்ட்ராபெரி கடையில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்தான். முதலில் சும்மா மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனாள். பிறகு கறுப்புச் சட்டை வந்தது. மணிக்கட்டில் பச்சை குத்திய தேள் வந்தது. பிறகு பையன்கள் காய்கறிக் கடைகளை மிரட்டும்போது பக்கத்தில் கைகட்டி நிற்கிற உத்தியோகம். போன மாதம் ஒரு கிழவரின் கடையை அவர்கள் அடித்து நொறுக்கியபோது, ஓர் இரும்புக் கம்பி இவள் கையிலும் இருந்ததாம். அன்றிலிருந்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சுவர் பலகைச் சுவர் என்பதால் இது திலகாவுக்குத் தெரியும். திலகாவுக்குத் தெரிந்ததால் தோட்டத்துக்கே தெரியும்.

"அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி தாப்பாவுக்கு ஒரு பை போகுது" என்றான் ஜெகதீஸ்வரன். "பொம்பளப் புள்ள கொண்டுபோனா யாரும் சோதிக்க மாட்டாங்க. அதுக்கு இவதான் போவணும்."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா அவ விதி."

"சரி. அதுக்குள்ள அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

அவன் சிரித்தான். "கையில தேளோட நிக்கிறவள எவன் ஆன்ட்டி கட்டுவான்?"

"அது என் பாடு. கல்யாணம் ஆனா விட்டுடுவியா, மாட்டியா?"

"விட்டுடுவேன். முனியாண்டி முன்னால கயிறு கட்டி, பன்னெண்டு பேரும் தங்கச்சின்னு சத்தியம் பண்ணியிருக்கோம். பேச்சு மாற மாட்டோம்."

"தங்கச்சியோட அம்மா உனக்கு ஆன்ட்டியா? அம்மான்னு கூப்பிடு. அண்ணன்மாரு பன்னெண்டு பேரு இருந்தும் என் மக வெறுங்கையோட மேடை ஏறுனான்னு இந்த லயம் பேசக் கூடாது."

ஜெகதீஸ்வரன் அப்போதுதான் மோட்டாரைவிட்டு இறங்கினான். அவனை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். சீர் கேட்டவர் யாருமில்லை. "பன்னெண்டு தட்டு வரும்மா" என்றான், நெஞ்சை நிமிர்த்தி.

மூன்றே வாரத்தில் மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். பெயர் ஹரிதாஸ், குவாந்தானிலிருந்து லிப்பிஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி. பேச்சு குறைவு, கேட்பது அதிகம்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலக்கா?" திலகா விடவில்லை.

"மேச வேலதான். வர்றவங்க சொல்றத எழுதிக்கணும்."

ஏதோ ஆபீஸ் கிராணி வேலை போலிருக்கிறது, பாவம், தேளைப் பார்க்காமலே சம்மதித்துவிட்டார் என்று லயம் இரக்கப்பட்டது.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பத்தாம் தேதி கல்யாணம். பட்டு ஜிப்பாவில் பன்னிரண்டு சம்செங்கு ரவுடிகளும் தட்டு ஏந்தி வரிசையாக வந்த காட்சிக்கு, பூசாரியே மந்திரத்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டார். மேடையிலிருந்த புனிதா, மைக் பிடித்திருந்த முருகையாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, எங்கண்ணன்மாருக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாது. முழுப் பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் சொல்லித்தான் தட்டு வாங்கணும். அதான நம்ம வழக்கம்."

முருகையா ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு, கணீரென்று சொன்னார். ஊருக்கு அதுவரை அவர்களைச் சொட்டை, பல்லி, கட்டையன் என்றுதான் தெரியும். பல்லி என்பவன் "சுப்பிரமணியம், தகப்பனார் ராதாகிருஷ்ணன், லெம்பா பெர்த்தாம் மேட்டு வீடு" என்று மைக்கில் தன் பேரைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஜெகதீஸ்வரன் மாப்பிள்ளை விரலில் மைத்துனர் மோதிரம் போட்டான். மாப்பிள்ளை ஒவ்வொரு மச்சானையும் கட்டிப்பிடித்து, தனித்தனியாகப் படம் எடுக்கச் சொன்னார். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"இவ்வளவு மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளைய நான் பாத்ததே இல்லக்கா" என்றாள் திலகா, மூன்றாவது லட்டோடு.

நீலாவதி கேசரியில் கவனமாக இருந்தாள்.

பதினைந்தாம் தேதி புனிதா புருஷனோடு லிப்பிஸுக்குக் குடிபோனாள். தாப்பாவுக்குப் பை போகவில்லை. அதற்கு முந்தின நாள் விடியலில் அண்ணன்மார் பன்னிரண்டு பேரும், அவரவர் முழுப் பேரும் முகவரியும் சரிபார்க்கப்பட்டு, ஒரே போலீஸ் லோரியில் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். தன்னிடம் புகார் எழுதிக்கொடுக்க வந்த பெண்ணையே கட்டிக்கொண்ட இன்ஸ்பெக்டர் ஹரிதாஸ், மைத்துனர் மோதிரம் போட்ட கையாலேயே லோரியின் கதவைச் சாத்தி வழியனுப்பினார்.