பக்கத்து நாற்காலிக்காரி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இரண்டு மூக்குகளின் கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"உனக்கும் மூக்குதானா?"

ஆஸ்பத்திரியில் காத்திருந்த தையல்காரி திரும்பினாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சு.

"ஆமாக்கா. வாரத்துல நாலு தடவை ரத்தம். நேத்து தைச்சுக்கிட்டிருந்த வெள்ளைச் சட்டையில சொட்டிடுச்சு. சட்டைக்காரர் என்னமோ நான் கொலை பண்ணின மாதிரி பார்க்குறார்!"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போன தடவை வந்தப்ப வறண்ட காத்துன்னு களிம்பு தந்தார். பிரஷர் பார்த்தார், சரியா இருக்கு. மூக்கைக் குடையுறியான்னு வேற கேட்டார். நான் என்ன பச்சைப் புள்ளையா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருதா? எங்கேயும் இடிச்சுக்காமலே உடம்புல நீலம் நீலமா கன்னிப்போகுதா?"

தையல்காரி சட்டென்று முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சது. பால் யாரு காய்ச்சித் தர்றது?"

"என் வீட்டுக்காரர்தான். என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். தங்கமான மனுஷன்."

"எலி மருந்து உள்ளே போனா ரத்தம் உறையாது, தங்கச்சி. இன்னிக்கே ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லு. தள்ளிப்போட்டா பிழைக்க மாட்டே."

தையல்காரியின் முறை வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்த கணவனும் கூடவே உள்ளே நுழைந்தான்.

"டாக்டர்..." தையல்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "என் ரத்தத்துல எலி மருந்து இருக்கான்னு பார்க்கணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா சொன்னது?"

"யாரோ ஒரு லூசு சொல்லியிருக்கும்," கணவன் சிரித்தான். "இவளும் கேட்டுட்டு வந்து உளறுறா."

"லூசு இல்லைங்க. பாவம், அந்த அக்காவுக்கும் இதே வியாதியாம். நெத்தியில பிறை மாதிரி தழும்பு, ஒரு காது மடல் கிழிஞ்சிருக்கும். வெளியேதான் உட்கார்ந்திருக்காங்க, கேட்டுப் பாருங்களேன்."

முதல் கல்யாணம் என்று சொல்லித் தையல்காரியைக் கட்டிக்கொண்டவன், நாற்காலியோடு பின்னால் சாய்ந்து அலறினான்.

"அவ செத்து மூணு வருஷமாச்சே! நானே புதைச்சேனே!"

உங்கள் வீட்டில் உங்களுக்குப் பசியாற்றுகிற கை, எந்நாளும் அன்பான கையாகவே இருக்கட்டும், கண்ணுகளா.