மாற்றிக்கொடுத்த மணிநேரம்

"என் தலையில இருந்த பயிற்சி மணிநேரத்தையெல்லாம் உங்க மக தலைக்கு எப்படி சார் மாத்தி—"

"கத்தாத ரெஜினா, மறுபடி எங்கூட வந்து வீடுகளுக்கு மதிப்புப் போடு, அனுபவம் தன்னால—"

"மேற்பார்வை பாக்கிறவர்னு நம்பித்தான, மணிநேரத்தக் கணக்கெடுக்க உங்ககிட்ட தலையக் குடுத்தேன்?"

குரூஸ் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மணிநேரத்தோடு, ரெஜினா அளந்த வீடுகளின் நினைவும் அங்கே பழகிய மனிதர்களின் நினைவும் அவளை விட்டு அவர் மகளுக்குப் போய்விட்டன. அந்த மணிநேரக் கணக்கைக் காட்டி மகளுக்கு வீட்டு மதிப்பீட்டாளர் உரிமமும் வந்துவிட்டது.

"நாலு வீடு மறந்துபோச்சு. அவ்வளவுதான?"

"வாசல்ல ஒருத்தர் நிக்காரு சார். அவர் வீட்டை அளக்கப் போனப்பதான் பழகினோமாம், அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணமாம். எனக்கு அவர் மொகமே தெரியல. உங்க மகதான் ஓடிப்போயி அவர் கையைப் பிடிச்சிட்டு நிக்கா."